இஷ்தியாக் அகமதுவுக்கு வந்த சாதா ஜலதோஷம்

ஆம்பூரில் அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும், தலை நரைத்த பிறகும், ஒரு தும்மல் ஞாபகம் இருந்தது.

பாங்கு சொல்லி முடிந்து, ரயில்வே கேட்டுக்கு அப்பாலிருந்து முதல் மாட்டுவண்டி ஆவாரம்பட்டை மூட்டைகளோடு முனகிக்கொண்டு வரும் நேரம். ஊர் பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்போது இஷ்தியாக் அகமதுவின் வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சிழுப்பு கேட்கும். கிணற்றில் வாளி இறங்குவதுபோல அது இறங்கிக்கொண்டே போகும். பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் தெருவே காத்திருக்கும். பிறகு அது வெடிக்கும். வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறக்கும். பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம், "பாய் எழுந்துட்டார்" என்று சொல்லிக்கொண்டு அடுப்பு மூட்டுவாள். அந்த வெடிப்புக்குப் பின்னால் தாழ்ந்த பெண்குரல் ஒன்று, அலுப்பும் இல்லாமல் பரிவும் இல்லாமல், "அல்லா காப்பாத்தட்டும்" என்று சொல்லும். அது சுவருக்கு இந்தப் பக்கம் சம்பூர்ணத்துக்கு மட்டும் கேட்கும்.

குரலுக்குரியவள் குர்ஷித். இஷ்தியாக் அகமதுவின் மனைவி. ஒரே மகளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டு, அந்தத் தும்மலோடு தனியாகக் குடித்தனம் செய்துவந்தாள்.

இஷ்தியாக் அகமது தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பவர். பதப்படுத்திக் காயவைத்த ஆட்டுத் தோல்கள் அவர் முன்னால் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவி, ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, வீசுவார். முதல் தரம் ஒரு பக்கம், இரண்டாம் தரம் ஒரு பக்கம், மூன்றாம் தரம் இன்னொரு பக்கம். மிச்சம் கழிசல். தடவிப் பார்த்தே ஆடு எந்தப் பக்கம் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். "அணைக்கட்டுப் பக்கத்து ஆடு. முள்ளுல மாட்டியிருக்கு" என்பார். சுற்றிலும் நாலு பேர் இருந்தால் ஆட்டுக்காரனின் குணத்தையும் சேர்த்துச் சொல்வார்.

இப்படியே பழகிய கை, உலகத்தையும் பிரிக்கத் தொடங்கிவிட்டது. மாம்பழத்துக்குத் தரம் வைத்தார். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தரம் வைத்தார். சம்பந்தி வீட்டாருக்கு வைத்த தரத்தை மகளின் காதில் விழாமல் குர்ஷித் பார்த்துக்கொண்டாள். கடைசியில் இருமலுக்கு வந்தார்.

தெருவில் ஒருவர் இருமினால் போதும், அவர் காது நிமிரும்.

"சம்பூர்ணம், உன் சின்னப் பொண்ணு இருமி முடிச்சு மூச்சை இழுக்கறப்போ 'கூ'ன்னு ஒரு சத்தம் வருதே, கவனிச்சியா?"

"தொண்டை கட்டியிருக்கு பாய்."

"தொண்டை கட்டினா அப்படிக் கூவாது. விடாம இருமி இருமி வாந்தி எடுக்கறாளா?"

"ஆமா பாய். ராத்திரி எடுத்தா."

"அது கக்குவான். மத்த புள்ளைங்களைத் தள்ளிப் படுக்க வை. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போ, இன்னா யோசனை?"

கக்குவானேதான். ஜட்கா ஓட்டும் சத்தாரின் இருமலும் அவர் காதுக்குத் தப்பவில்லை. சத்தார் மழைக்காலம் முழுக்க இருமினான். சாயங்காலம் ஆனால் உடம்பு கணகணவென்று இருக்கும். சட்டை தொளதொளத்துவிட்டது.

"சத்தார், இது சளி இல்லே. சளின்னா பத்து நாள் இருந்துட்டு மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போய்டும். மாசக்கணக்கா உக்காந்துகிட்டு உன் சதையைத் தின்னுட்டிருக்கே, அது க்ஷயம். மதனப்பள்ளி சானடோரியத்துக்குப் போ."

சத்தார் போனான். வெகுநாள் கழித்துக் கன்னத்தில் சதையோடு திரும்பி வந்து, பழைய குதிரையையே ஓட்டினான். அதிலிருந்து தெரு இஷ்தியாக் அகமதுவை நம்பியது. அவரும் தெருவோடு சேர்ந்து தன்னை நம்பினார்.

இந்த நிலையில் தபாலாபீஸ் பெருமாளுக்கு இருமல் வந்தது. கேட்ட மாத்திரத்தில் இஷ்தியாக் அகமது, "இழுப்பு. பரம்பரையா வர்றது" என்று தீர்ப்புச் சொன்னார். பெருமாளின் தாத்தா வரைக்கும் இழுப்பு கொடுத்துவிட்டார். கடைவீதியில் வைத்தியசாலை வைத்திருந்த டாக்டர் ஞானாபரணம், பெருமாளை வாய் திறக்கச் சொல்லி, விளக்கைக் காட்டி, இடுக்கியை விட்டு, ஒரு வேர்க்கடலைத் தோலை எடுத்து வெளியே போட்டார். இருமல் நின்றது. அன்று சாயங்காலம் கடைவீதியில் நாலு பேர் முன்னால் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சாயபு, நீங்க வெளித்தோலைப் பாருங்க. உள்ளே இருக்கறதை நான் பார்த்துக்கறேன்."

கடைவீதி சிரித்தது. இஷ்தியாக் அகமது வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே, நடுக்கூடத்தில் நின்று சத்தியம் செய்தார்.

"இனிமே அந்த ஆள் வாசப்படியை நான் மிதிக்கமாட்டேன். அந்த ஆள் என் வாசப்படியை மிதிக்கக்கூடாது. செத்தாலும் சரி."

"யார் செத்தாலும்?" என்று கேட்டாள் குர்ஷித், அரிசி களைந்துகொண்டே.

"நான் செத்தாலும்."

"நான் செத்தா?"

"நீ எதுக்குச் சாகறே? உனக்கு ஒண்ணுன்னா அது வேற. அந்த ஆளைத் தலைகீழாத் தூக்கிட்டாவது வருவேன்."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் கழுநீரைக் கொட்டினாள்.

அந்தத் தை மாதம் ஷாப்பில் பெரிய சரக்கு சேர்ந்தது. சென்னைப் பட்டணத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போகவேண்டிய தோல்கள். தரம் பிரிக்க ஊரில் இரண்டே பேர். ஒருவர் இஷ்தியாக் அகமது. இன்னொருவர் அஹமது பாஷா. அஹமது பாஷாவை இஷ்தியாக் அகமது எந்தத் தரத்தில் வைத்திருந்தார் என்று சொல்லவேண்டியதில்லை. தான் ஒருநாள் படுத்தால் அந்த மனிதர் தன் இடத்தில் உட்கார்ந்துவிடுவார் என்ற எண்ணமே அவரை எழுப்பி நிறுத்தப் போதுமாக இருந்தது.

முதலில் ஜலதோஷம்தான் வந்தது. மூக்கு ஒழுகியது. தும்மல் வழக்கத்தைவிடப் பலமாக வெடித்தது. சுக்குக் கஷாயம் குடித்தார். நாலைந்து நாளில் மூக்கு காய்ந்தது. "பார்த்தியா, முதல் தரமான ஜலதோஷம். வந்த மாதிரி மரியாதையாப் போய்ட்டுது" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தவர் பல் கிட்டி நடுங்க ஆரம்பித்தார்.

"இன்னாங்க, வெயில்ல உக்காந்துகிட்டு நடுங்கறீங்க?"

"தை மாசம். நடுங்காம இன்னா பண்ணுவாங்க?"

"உடம்பு அனலாக் கொதிக்குதே."

"வெயில்ல உக்காந்தா கொதிக்காதா?"

மறுநாள் அவர் வலது விலாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"விலாவுல இன்னா?"

"கட்டு தூக்கினேன். சதை புடிச்சிக்கிச்சு."

"தரம் பிரிக்கறவங்க கட்டு தூக்கறதில்லேன்னு பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்க அப்பாகிட்ட சொன்னீங்களே?"

"தூக்கறதைப் பார்த்துட்டு நின்னேன். அதுக்கே புடிச்சிக்கிச்சு."

"காறித் துப்பினது செங்கல் பொடி கரைச்சாப்பல இருக்கே?"

"பட்டைத் தூசி! ஆம்பூர்ல எவன் வெள்ளையாத் துப்பறான், சொல்லு."

அது பொய்யில்லை. ஆவாரம்பட்டையை இடித்துக் குழியில் ஊறப்போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். அந்தத் தூசி ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் தலையில், இமையில், வேட்டி மடிப்பில், நெஞ்சில் படியும். சாயங்காலம் ஷாப் விட்டு வருகிறவர்கள் வாய் கொப்பளித்தால் வாய்க்கால் சிவக்கும். வேறு ஊரில் அந்த நிறத்தைக் கண்டால் வீடே பதறும். ஆம்பூரில் அது உழைப்பின் நிறம். யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

"டாக்டரைப் பார்த்தா இன்னா?"

"சாதா ஜலதோஷத்துக்கு டாக்டரா? அந்த ஆளா? பேஜார் பண்ணாதே குர்ஷித்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பேச்சின் நடுவில் அவர் நின்று குர்ஷித் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. தொழுகைக்குப் போய் வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்: தலையணை மூன்றாம் தரம். கொல்லைப்புறச் சுவரின் இரண்டு பக்கமும் குர்ஷித்தும் சம்பூர்ணமும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. பெண்கள் பேச்சு என்று காதை மூடிக்கொண்டார். அந்த வாரத்தில் அவர் செய்த பிழைகளில் அதுவும் ஒன்று.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. உள்ளறையில் கட்டிலில் இரண்டு கம்பளிக்குக் கீழே குர்ஷித் சுருண்டு படுத்திருந்தாள்.

"குர்ஷித்! இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. சாதா ஜலதோஷம்."

பகலில் அவள் படுத்ததில்லை. பிரசவத்துக்குப் படுத்ததோடு சரி. இஷ்தியாக் அகமது கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"மூக்கு ஒழுகுதா? தும்மல் இருக்கா?"

"அதெல்லாம் போன வாரமே போய்ட்டுது. இப்போ நடுக்கம்தான். பல்லு கிட்டிக்குது. தை மாசம் இல்லையா, அதான்."

"தை மாசமாவது, பங்குனி மாசமாவது! ஜலதோஷம் போனப்புறம் நடுக்கம் வந்தா அது ஜலதோஷத்தோட பாக்கி இல்லே. வேற ஒண்ணு உள்ளே நுழைஞ்சிருக்கு. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல வலிக்குதா? எலும்பு எலும்பா?"

"இல்லீங்க. யுத்தம் முடிஞ்ச வருஷம் ஊரையே வாரிட்டுப் போச்சே, அந்தக் காய்ச்சல் மாதிரி இல்லே. வலது விலாவுல மட்டும். பருப்பு மூட்டையைத் தூக்கினேன், சதை புடிச்சிக்கிச்சு."

"சும்மா இருக்கறப்போ வலிக்குதா, மூச்சை இழுக்கறப்போ வலிக்குதா?"

"இழுக்கறப்போதான். கோணி ஊசியால குத்தறாப்பல."

"அப்போ அது சதை இல்லே! சதைப் பிடிப்பு தொட்டா வலிக்கும், திரும்பினா வலிக்கும். மூச்சுக்கு மூச்சு குத்தினா உள்ளே இருக்கு. எவ்வளவு அசட்டையா இருந்திருக்கே நீ!"

"நான் யார்கிட்டேர்ந்து கத்துக்கிட்டேனோ" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"துப்பறது இன்னா நிறம்?"

அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "ஒண்ணுமில்லே. பட்டைத் தூசி."

"உனக்கு எங்கேர்ந்துடி பட்டைத் தூசி வந்துச்சு? ஷாப் வாசல்கூட நீ பார்த்ததில்லையே!"

கைக்குட்டையை ஜன்னலுக்கு எடுத்துப் போனார். தோலை விரிப்பதுபோல இரண்டு கையாலும் விரித்து, சாய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். அந்தக் கண்ணுக்குத் தப்பிய கறை ஆம்பூரில் இல்லை. தூசியென்றால் துகள் தெரியும், ஓரத்தில் ஒதுங்கும். இது பசைபோலப் படிந்து, துணியின் இழைக்குள் இறங்கியிருந்தது. துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீரின் நிறம்.

"இது ரத்தம்" என்றார். "நெஞ்சுக்குள்ளேர்ந்து சளியோட கலந்து வர்றது. குர்ஷித், இது நிமோனியா."

"அப்படின்னா கொஞ்ச நாள் பார்த்துட்டு..."

"பார்க்கறதுக்கு இது இன்னா சினிமாவா? நடுக்கத்தோட காய்ச்சல், விலாக் குத்து, மூச்சு வாங்கறது, இந்த ரத்தம். ஒண்ணு இருந்தாலே டாக்டரைக் கூப்பிடணும். நாலும் இருந்தா செருப்புப் போடக்கூட நேரமில்லே."

"யாருக்கு இருந்தாலுமா?"

"யாருக்கு இருந்தாலும்தான்!"

"வேலை தலைக்கு மேல கிடந்தாலும்?"

"லண்டனே காத்துக் கிடந்தாலும்!"

"ஆனா நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்களே."

இஷ்தியாக் அகமது செருப்புப் போடாமலே வாசலைத் தாண்டிவிட்டார்.

டாக்டர் வீடு அடுத்த தெரு. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நின்றார். பள்ளிவாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நின்றார். விலாவில் குத்திய குத்தில் கண் இருண்டது. அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் இப்படிக் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டார். அவர் மனைவிமேல் வைத்திருந்த அன்பை அந்தத் தெருவில் ஒருவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரே பார்த்ததில்லை.

டாக்டர் ஞானாபரணம் கோட்டு மாட்டிக்கொண்டு, மடியில் தோல்பையோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் சத்தாரின் ஜட்கா பூட்டித் தயாராக நின்றது. இஷ்தியாக் அகமது இதில் எதையும் கவனிக்கவில்லை.

"டாக்டர்... வீட்ல... அவளுக்கு..."

"மெதுவா மூச்சு விட்டுட்டுப் பேசுங்க சாயபு."

"வெளித்தோல்னு... நீங்க சொன்னதை... நான் மனசுல வெச்சுக்கலே..."

"ஏறுங்க" என்றார் டாக்டர்.

கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் கனமான பச்சைத் திரை. வெளி ஆண்கள் யாரும் குர்ஷித்தைப் பார்த்ததில்லை என்பது மட்டுமில்லை, அவள் குரலைக் கேட்டதும் இல்லை. அந்தக் குடும்பங்களில் வைத்தியம் நடக்கும் விதமே தனி. டாக்டர் கணவனைக் கேட்பார். கணவன் திரைக்குள் தலையை விட்டு மனைவியைக் கேட்பார். பதிலை வெளியே கொண்டுவந்து கொடுப்பார்.

"வலி சரியா எந்த இடத்துல?"

இஷ்தியாக் அகமது தலையை உள்ளே விட்டார். "எங்கேன்னு கேக்கறார்."

"நீங்க இப்போ எங்கே கை வெச்சிருக்கீங்களோ, அங்கேதான்" என்று முணுமுணுத்தாள் குர்ஷித்.

தலையை வெளியே எடுத்து, குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை வலது விலாவில் இருந்தது. "இங்கே" என்றார்.

"மூச்சு எப்படி விடறாங்க?"

தலை உள்ளே போனது. "மூச்சு எப்படின்னு கேக்கறார்."

"இப்போ நீங்க விடறாப்பலதான்."

தலை வெளியே வந்தது. "இப்போ நான் விடறாப்பலதானாம்."

டாக்டர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, இஷ்தியாக் அகமதுவின் மார்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. "இருமல்?"

இதற்கு உள்ளே போகவேண்டி வரவில்லை. இஷ்தியாக் அகமதுவே இருமினார். இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"குழாய் வெச்சுப் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

"அது நடக்காது டாக்டர். எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். உங்க நெஞ்சுல வெச்சுப் பார்த்தாப் போதும்."

"என் நெஞ்சுல வெச்சா அவ நோய் எப்படித் தெரியும்?"

"அவங்க சொல்ற இடம் எதுன்னு எனக்குச் சரியாப் புரியணும் இல்லையா?"

இது நியாயமாகப் பட்டது. மனைவிக்காக இதுகூடச் செய்யமாட்டாரா? ஷெர்வானியின் பொத்தான்களைக் கழற்றினார். டாக்டர் குழாயை வைத்தார். எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு முதுகில் ஒரு விரலைப் பதித்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டினார். இடது பக்கம் காய்ந்த தோலைப்போல் கணீரென்று ஒலித்தது. வலது பக்கம் தட்டினார்.

மொத்தென்று ஒரு சத்தம்.

இஷ்தியாக் அகமதுவின் காது நிமிர்ந்தது. உள்ளே ஈரம் தேங்கிப்போன தோலைத் தட்டினால் வரும் சத்தம் அது. வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தம் வந்த தோலை அவர் ஒரே பக்கம்தான் வீசியிருக்கிறார்.

"இன்னொரு தடவை தட்டுங்க."

டாக்டர் தட்டினார். மொத்தென்றது.

"கழிசல்" என்றார் இஷ்தியாக் அகமது, தன்னையறியாமல். பிறகு அவர் மெல்லத் திரும்பினார். "டாக்டர், இது என் முதுகாச்சே."

"ஆமா சாயபு."

"அப்போ அவளுக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணும் இருக்கறதாத் தெரியலே."

"ஆனா ரத்தம்? கைக்குட்டையில நானே பார்த்தேனே!"

அப்போது பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து, முணுமுணுப்பாக இல்லாமல், தெளிவாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண்குரல் வந்தது.

"அது உங்க கைக்குட்டைங்க. நேத்து, ஷாப் லீவு அன்னைக்கு, தூசியே படாத நாள்ல நீங்க துப்பினது."

இஷ்தியாக் அகமது அதிர்ந்து போனார். நோயைக் கேட்டு அல்ல.

"குர்ஷித்! உன் குரல் வெளியே கேக்குது!"

"கேக்கட்டும். படுங்க."

அவர் படுத்தார்.

அந்த நாட்களில் நிமோனியாவுக்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தலையணையில் சாய்ந்த படுக்கை இருந்தது. ஆளிவிதையை அரைத்துக் காய்ச்சி நெஞ்சில் பற்றுப்போடும் கை இருந்தது. கஞ்சியும் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகப் புகட்டும் பொறுமை இருந்தது. "இன்னும் ஒரு நாள் நடமாடியிருந்தா இதயம் நின்னிருக்கும்" என்று வாசலில் டாக்டர் சொன்னதைச் சம்பூர்ணம் கொல்லைச் சுவர் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தாள். வாணியம்பாடியிலிருந்து மகள் வந்தாள். ஜுர வேகத்தில் இஷ்தியாக் அகமது கம்பளியைத் தடவித் தடவி, "முதல் தரம், ரெண்டாம் தரம்" என்று பிரித்துக்கொண்டிருந்தார். அருகிலிருந்த குர்ஷித்தும் மகளும் சம்பூர்ணமும் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஒரு காலையில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, ஜுரம் இறங்கியது. கண்ணைத் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, சரக்கை யார் பிரித்தது என்பது.

அஹமது பாஷாதான் பிரித்தார். ஏதாவது புகார் வரும் என்று இஷ்தியாக் அகமது பல மாதம் காத்திருந்தார். லண்டனிலிருந்து ஒரு தோல்கூடத் திரும்பி வரவில்லை. விலாக் குத்தைவிட இது அவரை அதிகமாகக் குத்தியது.

எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும், கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த மனைவியை ஓரப்பார்வை பார்த்தார்.

"நீ என்கிட்ட பொய் சொன்னே."

"சொன்னேன்."

"அத்தனையும் பொய்."

"நீங்க நாலு நாளாச் சொன்ன பொய்யைத்தான் நான் ஒரு மத்தியானம் சொன்னேன். நான் சொன்னப்போ மட்டும் ஒவ்வொண்ணாக் கண்டுபுடிச்சிட்டீங்க. ஆறிப் போவுது, குடிங்க."

குடித்தார்.

தெரு இதையும், டாக்டரிடம் சம்பூர்ணம் முன்பே சொல்லிவைத்திருந்ததையும் தெரிந்துகொள்ள வெகுநாள் ஆகவில்லை. அதற்குப் பின் தெருப் பெண்கள் தங்கள் வீட்டு இருமல்களைக் கொல்லைச் சுவருக்கே கொண்டுவந்தார்கள். ஆண்கள் வழக்கம்போல வாசலுக்கு வந்து இஷ்தியாக் அகமதுவைக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். காதைச் சாய்ப்பார். தாடியைத் தடவுவார். பிறகு, "கொஞ்சம் இரு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து திரைக்குப் பின்னால் போவார். திரும்பி வந்துதான் தீர்ப்புச் சொல்வார்.

குர்ஷித் ஒருமுறை தும்மினாலும் சத்தாரின் ஜட்கா வாசலில் நிற்கும். டாக்டர் வந்து, சாதா ஜலதோஷம் என்று சொல்லி, சுக்குக் கஷாயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

இஷ்தியாக் அகமது எழுபது வயதுக்கு மேல் இருந்து, குடலிறக்கத்தில் இறந்தார். வலியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குர்ஷித் அதற்கு முந்தைய வருஷமே காலமாகியிருந்தாள்.